பனிவண்டி நாய்கள்: நிற்கத் தெரியாத ஓட்டக்காரர்களைப் பராமரிக்கும் வழி

ஓட்டம் தொடங்குவதற்கு முந்தைய ஐந்து நிமிடம் காது கிழிந்துவிடும். எட்டு நாய்களையும் வடத்தில் பூட்டியாயிற்று. ஒவ்வொன்றும் நாலு காலும் தரையில் பாவாமல் குதிக்கிறது, குரைக்கிறது, ஊளையிடுகிறது, வாரை வெட்டி வெட்டி இழுக்கிறது. வண்டி இன்னும் நின்ற இடத்தில் நிற்பதற்குக் காரணம், பனிக்குள் மிதித்து இறக்கிய ஓர் இரும்புக் கொக்கியும் பின்னால் மரத்தில் கட்டிய கயிறும்தான். கட்டை அவிழ்த்துக் கொக்கியைப் பிடுங்கிய நொடியில் அத்தனை சத்தமும் அடங்கிப்போகும். அப்புறம் கேட்பது சறுக்குக்கட்டை பனியில் உரசும் ஓசையும் எட்டு நாய்களின் மூச்சும்.

வெளியாட்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, இவற்றை எப்படி ஓட வைக்கிறார்கள் என்பது. வளர்ப்பவர்களுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. நிறுத்துவதுதான் பாடு. விரலிடுக்கு கிழிந்திருந்தாலும், வயிறு புண்ணாகியிருந்தாலும், தோளில் தசை பிடித்திருந்தாலும் இந்த நாய் வாலை ஆட்டிக்கொண்டு வரிசையில் வந்து நிற்கும். அதனால் இதைப் பராமரிப்பது என்பது, அது சொல்லாததைப் பார்த்துக் கண்டுபிடிப்பது. அலாஸ்கா, யூகான், நார்வே, ஃபின்லாந்து பக்கம் குளிர்காலத்துக்கு நாய்ப்பண்ணை வேலைக்குப் போக நினைப்பவரையும், நாலைந்து நாய்களோடு சிறிய அணி கட்ட நினைப்பவரையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

1. எந்த நாய் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

ஹஸ்கி என்றால் நீலக்கண்ணும் முகமூடி போட்டது போன்ற முகமும் என்றுதான் பலருக்கும் நினைப்பு. அது சைபீரியன் ஹஸ்கி. வடகிழக்கு சைபீரியாவின் சுக்சி மக்கள் வளர்த்த நாய். ஆண் 20 முதல் 27 கிலோ, பெண் 16 முதல் 23 கிலோ. நடுத்தரச் சுமையை, குறைந்த தீனியில், நெடுந்தூரம் இழுக்கும். அலாஸ்கன் மலமூட் 35 கிலோவைத் தாண்டும் பெரிய உடம்பு. வேகம் குறைவு, பாரம் அதிகம். வடக்கு ரஷ்யாவின் நெனெட்ஸ் மக்கள் வளர்த்த வெள்ளை சமோயெட், வண்டியும் இழுக்கும், கலைமான் மந்தையையும் மேய்க்கும்.

கிரீன்லாந்து நாயின் கதை தனி. அந்த இனத்தில் கலப்பு வரக்கூடாது என்பதற்காக, கிரீன்லாந்தின் வடமேற்கிலும் கிழக்கிலும் வேறெந்த நாய்க்கும் இடமில்லை என்று சட்டமே இருக்கிறது. அந்தப் பகுதியை விட்டு ஒருமுறை வெளியேறிய நாய் திரும்பி வரவும் முடியாது.

நெடுந்தூரப் பந்தயங்களில் இன்று நீங்கள் பார்க்கும் நாய் பெரும்பாலும் இவற்றில் எதுவும் இல்லை. அலாஸ்கன் ஹஸ்கி என்பது அதன் பெயர். இன அங்கீகாரம் கிடையாது, ஒரே நிறம் கிடையாது, ஒரே முகம் கிடையாது. கிராமத்து நாய், சைபீரியன், பாயின்டர் எனப் பல ரத்தம் கலந்து, ஓட்டத்தை மட்டுமே பார்த்துப் பொறுக்கி எடுத்த வகை. ஒல்லியாக, நீண்ட காலோடு, பார்த்தால் நம்மூர் தெருநாய் போலத்தான் இருக்கும். மலமூட்டைப் பாரவண்டி மாடு என்றால், இது ரேக்ளா காளை. எதற்கு நாய் வேண்டும் என்று தீர்மானிக்காமல் முகம் பார்த்து வாங்குகிறவர்கள் இந்த இடத்திலேயே தவறுகிறார்கள்.

இந்தத் தொழிலின் வயதும் சாதாரணமல்ல. சைபீரியாவுக்கு வடக்கே சோகோவ் தீவில் கிடைத்த, சுமார் 9,500 ஆண்டு பழைய நாயின் மரபணுவை ஆராய்ந்து 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். இன்றைய பனிவண்டி நாய்களுக்கு அது நெருங்கிய சொந்தம்.

2. உடம்பின் கணக்கு

மேல் ரோமம் நீளமாகவும் முரடாகவும் இருந்து பனியைத் தட்டிவிடும். அடி ரோமம் பஞ்சுபோல அடர்ந்து சூட்டைப் பிடித்து வைக்கும். ஆண்டுக்கு இருமுறை அடி ரோமம் கொத்துக் கொத்தாகக் கழன்று வரும். அப்போது தினமும் சீப்புப் போட வேண்டும். சிரைக்கவே கூடாது. வெயிலையும் தடுப்பது அதே ரோமம்தான். படுக்கும்போது சுருண்டு, புசுபுசுவென்ற வாலை மூக்கின்மேல் போர்த்திக்கொள்ளும். வாலை ஒட்ட வெட்டிய நாய்க்கு அந்தப் போர்வை இல்லை.

பனியில் வெறுங்காலோடு நிற்கிறதே, விறைக்காதா? பாதத்தில் வெதுவெதுப்பான ரத்தத்தைக் கீழே கொண்டுபோகும் குழாயும் குளிர்ந்த ரத்தத்தை மேலே கொண்டுவரும் குழாயும் ஒட்டி ஒட்டிப் போகின்றன. இறங்கும் சூடு ஏறும் ரத்தத்துக்கு மாறிவிடுகிறது. பாதம் உறையாத அளவுக்கு மட்டும் சூடாக இருக்கும், உடம்பின் சூடும் வீணாகாது.

நுரையீரலும் இதயமும் வேறு ரகம். தேர்ந்த மாரத்தான் வீரரின் உடல், எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்துக்கு 80 மில்லி லிட்டரை ஒட்டி ஆக்சிஜனைப் பயன்படுத்தும். பயிற்சி பெற்ற பனிவண்டி நாய்க்கு அது 200 வரை போகிறது. இதைவிட வியப்பானது, பல நாள் ஓட்டத்தில் அது தசையின் சர்க்கரை இருப்பைக் காலி செய்யாமல் ஓடப் பழகிவிடுவது. முதல் ஓரிரு நாளில் களைத்துத் தெரியும் நாய் நாலாம் நாள் தேறி ஓடுவதன் ரகசியம் அது.

பலவீனம் ஒன்றே ஒன்று: சூடு. உடம்பில் வியர்க்காது, நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சால்தான் சூட்டை இறக்க வேண்டும். ஓடும் நாய்க்குப் பூஜ்யம் டிகிரியே வெக்கை. மைனஸ் 10, மைனஸ் 20 டிகிரிதான் அதற்குச் சுகமான வானிலை. பகலில் வெயில் ஏறினால் அனுபவசாலிகள் இரவில் ஓட்டுவார்கள்.

3. இருப்பிடம்

ஒவ்வொரு நாய்க்கும் ஒரு மரக்கூடு. தரையிலிருந்து சற்றே உயர்த்தி, வாசல் காற்று அடிக்கும் பக்கத்துக்கு மறுபக்கம் இருக்கும்படி வையுங்கள். கூரை தட்டையாக இருக்கட்டும். பாதி நேரம் அவை உள்ளே இருக்காது, மேலே ஏறி நின்று அக்கம்பக்கம் பார்க்கும். கூடு பெரிதாக இருந்தால் நல்லது என்று தோன்றும், அது தப்பு. நாயின் உடல் சூட்டால் நிறையும் அளவுக்குச் சின்னதாக இருந்தால்தான் வெதுவெதுப்பு.

உள்ளே போர்வை போடாதீர்கள். ஈரம் குடித்து விறைத்துப் பலகையாகிவிடும். வைக்கோல்தான் சரி. ஈரமானதும் அள்ளிப் போட்டுவிட்டுப் புதிது பரப்புங்கள்.

கம்பத்தில் சுழலும் வளையம் மாட்டி, சுமார் 2 மீட்டர் சங்கிலியில் கட்டுவது பழைய பண்ணை வழக்கம். சங்கிலி சுருளாது, நாய் வட்டமாக ஓடலாம், பக்கத்து நாயோடு மூக்கை உரசலாம். இதை ஏற்காதவர்கள் உண்டு, சில பண்ணைகள் வேலியிட்ட அடைப்புக்கு மாறிவிட்டன. என்னைக் கேட்டால், தினமும் அவிழ்த்து ஓடவிடப்படும் நாய்க்குச் சங்கிலி தண்டனையல்ல. அவிழ்க்கப்படாத நாய்க்கு எவ்வளவு பெரிய அடைப்பும் சிறைதான்.

சாணி அள்ளுவது உதவியாளரின் முதல் வேலை. முகம் சுளிக்காதீர்கள். தளர்ந்திருக்கிறதா, ரத்தம் இருக்கிறதா, கறுத்திருக்கிறதா என்று எந்தக் கூட்டின் முன்னால் எதைப் பார்த்தீர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், நோயை மருத்துவருக்கு முன்பே நீங்கள் பிடித்துவிடலாம்.

4. தீனியும் தண்ணீரும்

வீட்டில் சும்மா இருக்கும் 25 கிலோ நாய்க்கு நாளுக்கு ஆயிரத்துச் சொச்சம் கலோரி போதும். அதே எடையுள்ள நாய் கடுங்குளிரில் நாள் முழுக்க ஓடினால் 10,000 கலோரிக்கு மேல் வேண்டும். இவ்வளவையும் சோறாகவோ தானியமாகவோ கொடுத்தால் வயிறு கொள்ளாது. கொழுப்பாகத்தான் கொடுக்க முடியும். பந்தயக் காலத்தில் கலோரியில் பாதிக்கு மேல் கொழுப்பிலிருந்து வரும்படி பார்த்துக்கொள்கிறார்கள். சால்மன் மீன், மாட்டிறைச்சி, கொழுப்புத் துண்டு, பீவர் இறைச்சி, கூடவே நல்ல தரமான உலர் தீனி.

ஒரே நாளில் கொழுப்பைக் கூட்டினால் பேதியாகும். இலையுதிர்காலத்திலிருந்து, ஓட்டத்தின் தூரம் கூடக் கூட, வாரம் வாரமாகக் கூட்டுங்கள். கோடையில் அதேபோல இறக்குங்கள். இறக்க மறந்தால் நாய் உருண்டையாகிவிடும். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியக்கூடாது, கைக்குத் தட்டுப்பட வேண்டும். ரோமம் ஏமாற்றும் என்பதால் இதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தினமும் கையை வைத்துத் தடவிப் பாருங்கள்.

ஓட்டத்துக்குச் சற்று முன்பு வயிறு நிறையக் கொடுக்கவே கூடாது. வயிறு உப்பி முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். வழியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உறைந்த மீன் துண்டோ இறைச்சித் துண்டோ வீசுங்கள். பெரிய சாப்பாடு ஓய்வின்போது.

தண்ணீர் விஷயத்தில் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். சுற்றிலும் பனி இருக்கிறதே, தின்றுகொள்ளும் என்று விட்டுவிடுவார்கள். தின்னும்தான். ஆனால் அதை உருக்க உடம்பின் சூடு செலவாகும், தேவையான நீரும் கிடைக்காது. வெறும் தண்ணீரை வைத்தால் முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடும். பனியை உருக்கி, வெதுவெதுப்பான நீரில் மீன் சாறோ இறைச்சித் துணுக்கோ கலந்து கொடுங்கள், ருசிக்காகவே காலி செய்துவிடும். உறைவதற்குள் குடிக்க வைத்துக் கிண்ணத்தை எடுத்துவிட வேண்டும். பிடரித் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டுப் பாருங்கள். உடனே படியாமல் கூடாரம்போல நின்றால் நீர் வற்றியிருக்கிறது. ஈறு பிசுபிசுவென்று ஒட்டினாலும் அப்படியே.

5. பாதம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள். ஓட முடியாமல் போகும் நாய்களில் பல பாதத்தால்தான் நிற்கின்றன.

புதுப் பனி, பழைய பனி, உருகி மறுபடி உறைந்த பனி மூன்றும் மூன்று விதமாகக் காயப்படுத்தும். கடுங்குளிரில் பனித்துகள் மணல்தாள் போல உள்ளங்காலைத் தேய்க்கும். சற்று வெதுவெதுப்பான நாளில் விரலிடுக்கு ரோமத்தில் பனி உருண்டு கூழாங்கல்லாகி, நடுத்தோலைக் கிழிக்கும். அதனால் விரலிடுக்கு ரோமத்தை மட்டும் ஒட்ட வெட்டிவிடலாம். நகமும் குட்டையாக இருக்கட்டும்.

காலுறைக்குப் பூட்டி என்று பெயர். உறுதியான துணியில் தைத்த சின்னப் பை, மேலே ஒட்டும் பட்டை. அலாஸ்காவின் இடிடரோட் பந்தயத்தில் நாய்க்கு எட்டுப் பூட்டியாவது காலிலோ வண்டியிலோ இருக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பந்தயம் முழுவதற்கும் ஓர் அணிக்கு ஆயிரம் பூட்டிக்கும் மேல் செலவாகும். மாட்டும்போது கவனிக்க வேண்டியவை: பட்டை மணிக்கட்டுக்குக் கீழ் இறுகிவிடக் கூடாது, சுண்டுவிரல் நுழையும் இடம் இருக்கட்டும். இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று பாதம் வீங்கும், விறைக்கும். தளர்வாக விட்டால் நூறு மீட்டரில் கழன்று போகும். மைனஸ் 30 டிகிரியில் கையுறையைக் கழற்றி, 14 நாய்களுக்கு 56 பூட்டி மாட்டுவதற்குள் உங்கள் விரல் உங்களுடையதாக இருக்காது. பழகிய கைதான் ஒரே வழி, வீட்டுக்குள் உட்கார்ந்து முதலில் பழகுங்கள்.

ஓட்டை விழுந்த பூட்டியை உடனே மாற்றுங்கள். ஓட்டை வழியாகப் பனி நுழைந்து உள்ளே சேரும், அது வெறுங்காலைவிட மோசம். ஓய்வுக்கு நின்றதும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஒவ்வொரு விரலிடுக்கையும் விரித்துத் தலைவிளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்திருந்தால் களிம்பு. கிழிந்திருந்தால் அன்றைய ஓட்டம் அதற்கு முடிந்தது.

பாதத்தோடு மணிக்கட்டையும் தோளையும் அமுக்கிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பிடித்து ஒப்பிடுவது எளிது. ஒன்று சூடாகவோ தடித்தோ இருந்தால் தெரிந்துவிடும். சூடான மணிக்கட்டுக்கு எண்ணெய் தேய்த்து, துணிச்சுற்றுப் போட்டு ஓய்வெடுக்க விடுவார்கள்.

6. பயிற்சி

குட்டிக்குப் பயிற்சி என்று தனியாக ஒன்றும் வேண்டாம். காட்டுப்பாதையில் அவிழ்த்துவிட்டு முன்னே நடங்கள். விழுந்து எழுந்து, ஓடை தாண்டி, பின்னாலேயே வரும். கால் வைக்கும் கலையும் உங்களை நம்பும் பழக்கமும் அங்கேதான் வருகின்றன. ஐந்தாறு மாதத்தில் ஹார்னஸ் என்ற இழுவை வாரைப் போட்டு, அமைதியான பெரிய நாயின் பக்கத்தில் சில நூறு மீட்டர். விளையாட்டு அலுக்கும் முன் நிறுத்திவிடுங்கள். எலும்பு முற்றாத நாய்க்குப் பாரம் ஏற்றக்கூடாது. ஒரு வயது தாண்டிய பிறகுதான் தீவிரப் பயிற்சி.

பெரியவற்றுக்குப் பருவம் தொடங்குவது கோடை முடிவில், பனி விழும் முன். நாலு சக்கர மோட்டார் வண்டியின் முன்னால் பூட்டி, அதிகாலைக் குளிரில் மூன்று நான்கு கிலோமீட்டரில் ஆரம்பிப்பார்கள். வண்டியின் எடை நாய்களைப் பாய்ந்து ஓடவிடாமல் சீரான மெல்லோட்டத்தில் வைத்திருக்கும், தசை மெல்ல இறுகும். தூரம் வாரம் வாரமாகக் கூடும். மார்ச் மாதப் பந்தயத்துக்குள் ஒரு நெடுந்தூர நாய் 2,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கும்.

நடுவில் ஓடும் கயிறு நமக்குத் தேர்வடம் போல. அதில் இருபக்கமும் நாய்கள். முன்னால் தலைநாய், கட்டளை அதற்குத்தான். அதற்குப் பின்னால் வளைவில் அணியைத் திருப்புகிறவை. நடுவில் இழுவைக்காரர்கள். வண்டியை ஒட்டிப் பலசாலி, பதறாத நாய்கள். மரங்களில்லாத கடல்பனியில் ஓட்டும் கிரீன்லாந்தில் இப்படி இல்லை. ஒவ்வொரு நாய்க்கும் தனிக்கயிறு, விசிறி போல விரிந்து ஓடும்.

கட்டளைகள் சில சொற்களே. வலப்பக்கம் 'ஜீ', இடப்பக்கம் 'ஹா', கிளம்ப 'ஹைக்', நிறுத்த 'வோ', வேடிக்கை பார்க்காமல் கடந்துபோக 'ஆன் பை'. கதைகளில் வரும் 'மஷ்' பிரெஞ்சுச் சொல்லின் மிச்சம், அதைச் சொல்லி இன்று யாரும் நாய் ஓட்டுவதில்லை. ஓட்டுநருக்கு மட்டும் மஷர் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

தலைநாய் பலத்தால் ஆவதில்லை. இளம் நாய்களில் திரும்பித் திரும்பி உங்கள் முகத்தைப் பார்ப்பது எது என்று கவனியுங்கள். நல்ல தலைநாய் சில நேரம் கட்டளையை மீறும், காலடியில் பனிக்கட்டி மெலிந்திருக்கும்போது. அந்த நேரத்தில் அதை அதட்டாமல் இருக்கத் தெரிவது உங்களுக்கான பயிற்சி.

7. ஓட்டமும் ஓய்வும்

ஆறு மணி நேர ஓட்டம், ஆறு மணி நேர ஓய்வு என்பது நெடுந்தூரத்தின் பொதுக்கணக்கு. 1973 முதல் நடக்கும் இடிடரோட் சுமார் 1,600 கிலோமீட்டர். அதில் ஒரு 24 மணி நேர ஓய்வும் இரண்டு 8 மணி நேர ஓய்வும் கட்டாயம். பந்தயத்துக்கு முன்னால் எல்லா நாய்க்கும் ரத்தப் பரிசோதனை, இதயத் துடிப்புப் பதிவு. வழியில் கால்நடை மருத்துவர்கள் ஒவ்வொரு நாயிடமும் பார்ப்பது இவற்றை: இதயமும் நீர்ச்சத்தும், மனநிலையும் பசியும், எடை, நுரையீரல். சின்ன அணிக்கும் இந்த வரிசை போதும், மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

நின்றதும் செய்ய வேண்டியதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. கொக்கியை இறக்கி, வண்டியைக் கட்டு. இழுவைக் கயிற்றை மட்டும் கழற்று, ஓய்வு வந்துவிட்டது என்று நாய்க்கு அதுதான் சேதி. உடனே ஒரு துண்டு மீன். வைக்கோல் பரப்பு. பூட்டி கழற்று. பனி உருக்க அடுப்பு மூட்டு. சாறு கொதிக்கும் நேரத்தில் பாதம் பார், தசை நீவு. எல்லாம் சாப்பிட்டுச் சுருண்ட பிறகு உன் சாப்பாடு. இதில் எந்தப் படியையும் உங்கள் களைப்பு தாண்டக்கூடாது.

நாயை எப்போது அணியிலிருந்து எடுப்பது? தீனியை முகர்ந்துவிட்டுத் திரும்பினால். இழுவைக் கயிறு தொய்ந்தே இருந்தால். தலை ஒரு பக்கம் ஏறி இறங்கினால், அது நொண்டலின் முதல் அடையாளம். சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் தசை சிதைகிறது என்று பொருள், அடுத்த அடி கூட வேண்டாம். வண்டியில் இருக்கும் பைக்குள் வைத்துக் கட்டி, மருத்துவரிடம் கொண்டுபோங்கள். போட்டியில் நாயை இறக்கினால் மாற்று நாய் கிடையாது. அந்தத் தயக்கத்தில்தான் தப்பு நடக்கிறது. பந்தயத்தில் நாய்கள் செத்ததும் உண்டு, அதற்கு எதிர்ப்பு வலுப்பதிலும் நியாயம் உண்டு. இதை மூடி மறைத்து எழுதும் வழிகாட்டிகள் எனக்குப் பிடிப்பதில்லை.

8. நோய்கள்

ஓடும் நாய்களுக்கு இரைப்பைப் புண் சகஜம், வெளியே ஒன்றும் தெரியாது. அமிலத்தைக் குறைக்கும் மருந்தை மருத்துவர் சொல்லிக் கொடுக்கலாம். ஹஸ்கி, மலமூட் இரண்டிலும் சிலவற்றுக்கு உணவிலுள்ள துத்தநாகம் உடம்பில் ஒட்டாது. கண்ணையும் வாயையும் சுற்றிச் செதில் செதிலாகப் பொருக்கு வரும். தானியம் மிகுந்த தீனி இதைக் கூட்டும். சைபீரியனுக்குக் கண்புரையும் பரம்பரைக் கண்நோய்களும், மலமூட்டுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறும் வரும். குட்டி எடுக்கும் முன் பெற்றோருக்குப் பரிசோதனை நடந்ததா என்று கேளுங்கள்.

தடுப்பூசி, பூச்சிமருந்து எல்லா நாய்க்கும் போலத்தான். டிஸ்டெம்பர் ஊசியை மட்டும் ஒருபோதும் தள்ளிப் போடாதீர்கள். அந்த நோய் நாயிடமிருந்து கடல்நாய்களுக்குத் தொற்றிவிடும் என்ற அச்சமும் சேர்ந்துதான் 1994-இல் அண்டார்டிகாவிலிருந்து கடைசிப் பனிவண்டி நாய்களையும் வெளியேற்ற வைத்தது.

9. சென்னையில் ஹஸ்கி வைத்திருப்பவருக்கு

வாங்காதீர்கள் என்பதே என் ஆலோசனை. தமிழ்நாடு அரசு 2024-இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையும் ஹஸ்கி, மலமூட் போன்ற குளிர்நாட்டு இனங்களை இங்கே குட்டி போடவைப்பதற்கு எதிராக நின்றது. ஏற்கெனவே வீட்டில் இருந்தால், விடியும் முன் ஓடவிடுங்கள், பகலில் ஏசி அறை, எந்நேரமும் தண்ணீர். மொட்டை அடிக்காதீர்கள். மூச்சிரைப்பு அடங்காமல் தள்ளாடினால் ஈரத்துணியால் நனைத்து, காற்றாடியின் கீழே வைத்து, உடனே மருத்துவமனை. வேலி தாண்டவும் மண் தோண்டவும் இதைவிடக் கெட்டிக்கார நாய் கிடையாது. ஓட்டக்கார நாய் மேல்தான் ஆசை என்றால் நம் சிப்பிப்பாறையும் கன்னியும் இருக்கின்றன.

10. வயதான பிறகு

எட்டு, பத்து வயதில் வேகம் விழும். ஆசை விழாது. மற்றவற்றுக்கு ஹார்னஸ் மாட்டும்போது பழைய நாயைக் கூட்டில் கட்டிவிட்டுப் போனால், நீங்கள் திரும்பும்வரை ஊளையிட்டுக்கொண்டே இருக்கும்.

1925 ஜனவரியில் அலாஸ்காவின் நோம் நகரில் தொண்டை அடைப்பான் பரவியபோது மருந்து கொண்டுபோன தொடர் ஓட்டத்தில் 20 மஷர்கள், சுமார் 150 நாய்கள், 1,085 கிலோமீட்டர். கடைசிக் கட்டத்தில் ஊருக்குள் வந்த பால்ட்டோ என்ற நாய்க்கு நியூயார்க்கில் சிலை வைத்தார்கள். மிக நீளமான, மிக ஆபத்தான பகுதியை ஓடியது லியோன்ஹார்ட் செப்பாலா என்ற மஷரின் தலைநாய் டோகோ. அப்போது அதற்குக் கிட்டத்தட்ட 12 வயது. அதன்பின் மெயின் மாநிலத்தில் ஓய்வாக இருந்து 1929-இல், 16 வயதில் செத்தது.

எல்லா நாயும் டோகோ ஆகாது. கிழட்டு நாய்க்கு மூட்டுவலி மருந்தும், குறைந்த தீனியும், தடித்த வைக்கோலும் கொடுங்கள். முடிந்தால் வீட்டுக்குள் அடுப்போரம் ஓர் இடம். குட்டிகளைக் காட்டுப்பாதைக்குக் கூட்டிப் போகும்போது இதையும் அவிழ்த்துவிடுங்கள். முன்னால் போகும். ஓடையில் மெல்லிய பனிக்கட்டி வந்தால் நின்றுவிடும். குட்டிகளும் நிற்கும்.